‘கரைக்கிற மருந்து வைத்திருக்கிறீர்களா?’

என் மேலுதட்டின் இடது பக்கம் வலது பக்கத்தைவிடக் கொஞ்சம் மெல்லியது. ஆறு வயதில் பெரம்பூர் வீட்டு மாடிப்படியில் விழுந்து, உதடு கிழிந்து, மூன்று தையல் போட்டார்கள். அதன் மிச்சம் இது. மற்றவர்கள் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. எனக்கு மட்டும் தினமும் தெரியும். லிப்ஸ்டிக் போடும்போது இடது பக்கம் கோட்டை ஒரு நூலளவு வெளியே தள்ளி வரைவேன். கல்லூரிக் காலத்திலிருந்து அதுதான் பழக்கம்.

தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானபோது ஃபில்லர் போட்டு, அதாவது உதட்டுக்குள் ஊசியால் ஜெல்லைச் செலுத்தி நிரப்பி, இதைச் சரிசெய்துகொள்ளலாம் என்று முடிவெடுத்தேன். அப்படி நினைத்ததில் தவறில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். தன் முகத்தில் ஒன்றை மாற்றிக்கொள்ள ஆசைப்படுகிற பெண்ணிடம் “இருக்கிறதே நல்லாத்தானே இருக்கு” என்று சொல்லி வாயை அடைப்பதால் அவள் போகாமல் இருக்கப் போவதில்லை. யாரிடமும் கேட்காமல், தெரியாத இடத்துக்குத் தனியாகப் போவாள். நான் அப்படித்தான் போனேன்.

மூன்று இடங்களில் விசாரித்தேன். நுங்கம்பாக்கத்தில் இரண்டு தோல் கிளினிக்கில் 1 மில்லிக்கு 25 ஆயிரம், 32 ஆயிரம் என்றார்கள். மூன்றாவது, ஒரு பியூட்டி பார்லரின் மாடியில் இருந்த இடம். அங்கே 14 ஆயிரம். தோழியையும் கூட்டி வந்தால் இன்னும் குறையும் என்றார்கள். கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருந்தது. மூன்றாவது இடத்துக்கே போனேன்.

வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் உட்காரச் சொன்னார். எல்லோரும் அவரை டாக்டர் என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். மரத்துப்போக வைக்கும் கிரீமைத் தடவினார்கள். இருபது நிமிடம் கழித்து அவர் வந்தபோது தட்டில் சிரிஞ்ச் தயாராக இருந்தது. பெட்டி இல்லை, உறை இல்லை. உதட்டில் முன்பு அடிபட்டதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், ஏதாவது ஒவ்வாமை உண்டா என்று எதுவும் கேட்கவில்லை. “எவ்வளவு வால்யூம் வேணும்?” என்பது மட்டும்தான் கேள்வி.

ஊசி நுழைவது வலிக்கவில்லை. ஜெல்லைத் தள்ளும்போது உள்ளே எதுவோ பிதுங்குவது மட்டும் தெரிந்தது. நாலாவதோ ஐந்தாவதோ குத்தில், இடது பக்கம் பழைய தையல் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், சுருக்கென்று ஒரு வலி மூக்கோரம் வரை ஓடியது. முடிந்ததும் கண்ணாடியைக் கொடுத்தார்கள். உதடு அழகாகத்தான் தெரிந்தது. ஆனால் இடது பக்கம், உதட்டுக்கு மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தேங்காய்ப் பருப்பு போல வெளுத்திருந்தது. கேட்டேன். “மரப்பு மருந்தால அப்படி இருக்கும், ஐஸ் வைங்க” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் பார்த்தது அதைத்தான். “ஏண்டி, ஒரு பக்கம் மட்டும் ரத்தமே இல்லாத மாதிரி இருக்கு?” என்றாள். நான் ஐஸ் வைத்துக்கொண்டே இருந்தேன். ஏழு மணிக்கு மேல் வலி ஏறத் தொடங்கியது. வெளுத்த இடத்தைச் சுற்றிக் கருநீலத்தில் வலைபோல ஒரு கோலம், மூக்கின் ஓரம் வரை படர்ந்திருந்தது. ஊசி போட்ட பார்லருக்குப் போன் செய்தேன். ஐஸ் வையுங்கள், நாளைக் காலை வாருங்கள் என்றார்கள்.

என் அலுவலகத் தோழியின் அண்ணி கீழ்ப்பாக்கத்தில் தோல் டாக்டர். தோழி மூலமாகப் போட்டோ அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் அவரே கூப்பிட்டார். “இப்பவே கிளம்பி வாங்கம்மா. காலைல பார்க்கலாம்னு இருக்காதீங்க. ஐஸை எடுத்துடுங்க.”

கிளினிக்கை மூடுகிற நேரம். விளக்கின் கீழே உட்கார வைத்து, வலது பக்க உதட்டை விரலால் அழுத்தி எடுத்தார். வெளுத்துவிட்டு உடனே சிவந்தது. இடது பக்கம் அழுத்தி எடுத்துவிட்டு வாய்விட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. நிறம் வரவில்லை. இரண்டு நொடிக்குள் திரும்பி வர வேண்டும், வராவிட்டால் ரத்தம் போகவில்லை என்று அர்த்தம் என்றார். அப்புறம் கேட்டார்: “என்ன பிராண்டு? பெட்டியில இருந்த ஸ்டிக்கர் இருக்கா?”

அவரிடம் கொடுக்க என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

அந்தக் கேள்வியின் கனம் எனக்கு அப்போது புரியவில்லை. உதட்டுக்கு இன்று பரவலாகப் போடுவது ஹயலூரானிக் அமில ஜெல். அது நம் உடம்பிலேயே தோலிலும் மூட்டுகளிலும் கண்ணிலும் இருக்கிற ஒரு பொருள்தான். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சீக்கிரம் கரைந்துவிடாதபடி அதன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து ஜெல்லாக்கி விற்கிறார்கள். இதற்கு ஒரு பெரிய பாதுகாப்பு உண்டு. ஹயலூரானிடேஸ் என்ற நொதியை ஊசியாகப் போட்டால் அந்த ஜெல் கரைந்துவிடும். சிலிக்கோன் போன்ற நிரந்தரப் பொருள்களை இது கரைக்காது. என் உதட்டுக்குள் இருப்பது எது என்று தெரியாமல்தான் அந்த டாக்டர் ஊசியைக் கையில் எடுத்தார். “ஹயலூரானிக்கா இருக்கணும்னு வேண்டிக்கோங்கம்மா” என்றார். அம்மா பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஃபிரிட்ஜிலிருந்து அவர் எடுத்த குப்பி கட்டைவிரல் அளவுகூட இல்லை. ஹைனிடேஸ் என்ற பெயரில் வருகிறது, 1500 யூனிட். கண் அறுவை சிகிச்சையின்போது மரப்பு மருந்து நன்றாகப் பரவுவதற்காகப் பல காலமாகப் பயன்படுத்துகிற மருந்துதானாம். பொடியாக இருந்ததை சலைனில் கலந்து, வெளுத்த இடம் முழுக்கவும் அதைச் சுற்றியும் குத்திக் குத்திப் போட்டார். வெந்நீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்தார், விரலால் நீவிவிட்டார். ஆஸ்பிரின் மாத்திரை கொடுத்தார். ஒரு மணி நேரம் காத்திருந்து, அழுத்திப் பார்த்து, மறுபடி போட்டார். மூன்று சுற்று. மூன்றாவது சுற்று முடிந்து, அழுத்திய இடம் இளஞ்சிவப்பாகத் திரும்பி வந்தபோது மணி பதினொன்றே முக்கால்.

நடந்தது இதுதான். முகத்துக்கு வரும் தமனியிலிருந்து ஒரு கிளை வாயோரத்தில் பிரிந்து உதட்டுக்குள் வளைந்து ஓடுகிறது. ஜெல் அந்தக் குழாய்க்குள் போய்விட்டாலோ வெளியிலிருந்து அதை அமுக்கினாலோ, அதற்கப்பால் உள்ள தோலுக்கு ரத்தம் நின்றுவிடும். நேரம் போகப் போகத் தோல் செத்துக் கறுத்துப் புண்ணாகும், தழும்பு விழும். முகத்தின் ரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு தொடர்புள்ளவை என்பதால், மிக மிக அரிதாகப் பார்வையே போகக்கூடும். உதட்டுத் தமனி எந்த ஆழத்தில், எந்த வளைவில் ஓடும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பழைய தழும்பு இருக்கிற இடத்தில் ஆபத்து இன்னும் கூடுதல். என்னுடைய மூன்று தையலைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தால், அந்த இடத்தைத் தொடாமலோ, மிக மெதுவாகவோ போட்டிருப்பார்.

இது தேர்ந்த டாக்டர் கையிலும் நடக்கலாம். அரிதுதான், ஆனால் நடக்கும். அதனால் “உங்களுக்கு எத்தனை வருஷ அனுபவம்?” என்ற கேள்வி மட்டும் போதாது என்று நான் சொல்கிறேன். அடைப்பு வந்தால் அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவரா, கரைக்கிற மருந்து அந்த அறையிலேயே இருக்கிறதா, இரவு பத்து மணிக்கு யாருடைய நம்பரைக் கூப்பிடுவது? இந்த மூன்றுக்கும் பதில் வாங்காமல் நாற்காலியில் உட்காரக் கூடாது. மருந்தை எடுத்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். காலாவதித் தேதியையும் பார்க்கலாம். நல்ல டாக்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் எழுந்து வந்துவிடலாம்.

தேனீயோ குளவியோ கொட்டி உடம்பு வீங்கிய அனுபவம் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். கரைக்கிற மருந்தும் அவர்களுக்கு ஒவ்வாமை தரலாம்.

மறுநாள் உதட்டுக்கு மேலே சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்தன. அப்புறம் பொருக்குத் தட்டியது. ஆன்டிபயாடிக் களிம்பு, தினம் ஒரு முறை டாக்டரைப் பார்ப்பது என்று நாள்கள் போயின. தங்கை கல்யாணத்தில் அந்தப் பொருக்கோடுதான் நின்றேன். ஆல்பத்தில் நிறைய படங்களில் என் முகம் வலது பக்கம் மட்டும் தெரிகிறது, நானே அப்படி நின்றிருக்கிறேன். தழும்பு எதுவும் நிற்கவில்லை. அன்று ராத்திரி போகாமல் காலைவரை ஐஸ் வைத்துக்கொண்டு இருந்திருந்தால் கதை வேறு.

விசேஷத்துக்குப் பதினோரு நாள் முன்பு போனதும் என் தவறு. எல்லாம் ஒழுங்காக நடந்தாலே வீக்கம் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போகும். நீலம் பாரித்த இடம் மறைய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். உதடு தன் வடிவத்துக்கு வந்து அமர இரண்டு வாரம். அதற்குப் பிறகு கொஞ்சம் திருத்தம் தேவைப்பட்டால் அதற்கு வேறு நாள் வேண்டும். கல்யாணம், பெண் பார்க்க வருவது, வெளிநாட்டுப் பயணம் எதுவாக இருந்தாலும் குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் ஒன்றரை மாதம் இடைவெளி விடுங்கள்.

எட்டு மாதம் கழித்து அதே கீழ்ப்பாக்கம் டாக்டரிடம் போனேன். அம்மாவுக்கு இஷ்டமில்லை. “பட்டது போதாதா?” என்றாள். எனக்கோ அந்த இடது பக்கம் அப்படியேதான் இருந்தது, ஆசையும் போகவில்லை. இந்த முறை வித்தியாசம் என்ன என்று எனக்கே பார்க்க வேண்டியிருந்தது.

முதல் நாள் ஊசியே கிடையாது. அரை மணி நேரம் பேச்சு மட்டும்தான். வாயோரத்தில் அக்கி போலக் கொப்புளம் எப்போதாவது வந்திருக்கிறதா என்று கேட்டார். அந்த வைரஸ் உடம்பிலேயே தங்கியிருக்கும், ஊசி பட்டால் கிளம்பி வரும், அப்படி வந்தவர்களுக்கு முன்கூட்டியே மாத்திரை கொடுத்துவிடுவாராம். கர்ப்பமா, குழந்தைக்குப் பால் கொடுக்கிறீர்களா? இருந்தால் போடுவதில்லை. தைராய்டு, முடக்குவாதம் மாதிரி நோய் எதிர்ப்புச் சக்தி தொடர்பான பிரச்சினை உண்டா? சமீபத்தில் காய்ச்சல், தடுப்பூசி? அடுத்த இரண்டு வாரத்தில் பல் டாக்டரிடம் போகிற வேலை இருக்கிறதா? பல் வேலையின்போது ரத்தத்தில் கலக்கும் கிருமிகள் ஜெல்லில் போய்த் தங்கிக்கொள்ளலாம் என்பதால் முன்னும் பின்னும் இரண்டு வாரம் இடைவெளி கேட்டார்.

மாத்திரைப் பட்டியலையும் வாங்கிப் பார்த்தார். நான் முடிக்காக மீன் எண்ணெய் மாத்திரையும் வைட்டமின் ஈ-யும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டும் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும், நீலம் பாரிப்பது அதிகமாகும் என்று ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னார். ஆஸ்பிரின், புரூஃபென் வகை வலி மாத்திரைகளுக்கும் இதுவே. ஆனால் இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் உதட்டுக்காக அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. அதைக் கொடுத்த டாக்டரைத்தான் கேட்க வேண்டும்.

எனக்கு 1 மில்லி தேவையே இல்லை என்றார். “இடது பக்கத்துக்கு மட்டும் 0.4 போதும்மா. நம்ம ஊர்ப் பெண்களுக்கு உதடு பொதுவா நிறைவாத்தான் இருக்கு. வெளிநாட்டுப் போட்டோவைக் காட்டி அதே மாதிரி கேட்டா முகத்துக்கு ஒட்டாது.” ஒரு தேக்கரண்டி 5 மில்லி. அதில் ஐந்தில் ஒரு பங்குதான் ஒரு முழு சிரிஞ்ச் என்று நினைத்துப் பார்த்தால், அதிலும் பாதிக்குக் குறைவான அளவு ஒரு முகத்தை எவ்வளவு மாற்றும் என்பது வியப்பாக இருக்கிறது. இதற்கு எதிர்த்திசையில் ஒரு தவறான எதிர்பார்ப்பும் உண்டு. உதடு கறுப்பாக இருக்கிறது என்று ஃபில்லர் போட வருகிறவர்கள் நிறையப் பேராம். ஃபில்லர் நிறத்தை மாற்றாது. கறுப்புக்குக் காரணம் வெயிலா, நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டே இருப்பதா, லிப்ஸ்டிக் ஒவ்வாமையா என்று பார்த்து அதற்கு வைத்தியம் செய்ய வேண்டும். சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் தோல் பிரிவிலேயே அதைக் காட்டலாம், 14 ஆயிரம் தேவையில்லை. போடாக்ஸ் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அது தசையைத் தளர்த்துகிற மருந்து, ஃபில்லர் இடத்தை நிரப்புகிற ஜெல். இரண்டும் வேறு.

ஊசி போடும் அன்று மூடிய பெட்டியை என் கையில் கொடுத்தார். பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி, இறக்குமதி செய்தவர் விவரம் எல்லாம் பார்த்துவிட்டு நானே பிரித்தேன். உள்ளே ஸ்டிக்கர்கள் இருந்தன. ஒன்று என் ஃபைலில், இன்னொன்று எனக்குக் கொடுத்த அட்டையில். அந்த அட்டை இப்போதும் என் பர்ஸில், ஆதார் அட்டைக்குப் பின்னால் இருக்கிறது. போட்டது 0.4. மீதி 0.6 மில்லியை என் கண்ணெதிரே தூக்கிப் போட்டார். காசு கொடுத்தது என்று மனம் அடித்துக்கொண்டது உண்மை. ஆனால் திறந்த சிரிஞ்சை எடுத்து வைத்து அடுத்த மாதம் போடுவதும், ஒரே சிரிஞ்சை இரண்டு பேருக்குப் பிரிப்பதும் கிருமியை வாங்கிக்கொள்கிற வேலை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ரத்தம் வழியாகப் பரவும் மஞ்சள் காமாலைகூட வரலாம். தோழியோடு வந்தால் குறைப்போம் என்கிற இடத்தில், எத்தனை சிரிஞ்ச் திறக்கப் போகிறீர்கள் என்று அவசியம் கேளுங்கள்.

ஒவ்வொரு குத்துக்குப் பிறகும் நிறுத்தி, அழுத்தி, நிறத்தைப் பார்த்தார். பழைய தழும்புக்குப் பக்கத்தில் வந்தபோது இன்னும் மெதுவானார். எல்லாம் முடிந்த பிறகும் அரை மணி நேரம் உட்கார வைத்துத்தான் அனுப்பினார். முதல் இடத்தில் கண்ணாடியைக் கொடுத்தவுடன் பில்லையும் கொடுத்தார்கள்.

அப்புறம் இரண்டு நாள் வீட்டில் ஒழுக்கமாக இருக்க வேண்டும். சூடான காபி கிடையாது, ஆற வைத்துத்தான் குடித்தேன். காரக்குழம்பு கிடையாது, தயிர்சாதம் போதும். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது, இளநீரைத் தம்ளரில் ஊற்றிக் குடித்தேன். காலை நடை, ஜிம், வெயிலில் வண்டி ஓட்டுவது எல்லாவற்றையும் தள்ளி வைத்தேன். சித்திரை வெயிலில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று எனக்குத் தெரிந்தவர்களிடம் சொல்கிறேன், வியர்வையும் சூடும் வீக்கத்தைக் கூட்டும். தலையணை இரண்டு வைத்துத் தூங்கினேன். இரண்டாம் நாள் காலை கண்ணாடியில் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். இரண்டு பக்கமும் சேர்ந்து வீங்கி, மிருதுவாக, அழுத்தினால் நிறம் திரும்புகிற மாதிரி இருந்தால் அது சாதாரண வீக்கம். ஒரு பக்கம் மட்டும் வெளுப்பது, வலைக்கோலம், ஏறிக்கொண்டே போகிற வலி, தொட்டால் குளிர்ச்சி, இதில் ஒன்று இருந்தாலும் உடனே கிளம்ப வேண்டும். முதல் சில மணி நேரம் மரப்பு மருந்து வலியை மறைத்துவிடலாம், அதனால் வலியைவிட நிறத்தைக் கவனியுங்கள். பார்வை மங்கினால் கிளினிக்குக்குப் போன் செய்துகொண்டு நிற்காமல் நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். அழகுக்காகச் செய்வது என்பதால் இன்சூரன்ஸ் வராது. சாதாரண வைத்தியத்துக்கு இல்லாத ஜிஎஸ்டி இதற்கு உண்டு. சொன்ன விலை வரியோடு சேர்த்தா என்று முதலிலேயே கேளுங்கள். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை நிற்கும் என்கிறார்கள், சிலருக்கு இன்னும் கூடுதலாகவும் நிற்கலாம். அதனால் பழையது கரைந்துவிட்டதா என்று பார்க்காமல் மேலே மேலே போட்டுக்கொள்ள வேண்டாம்.

டாக்டர் என்று சொல்லிக்கொள்பவரின் படிப்பையும் பாருங்கள். தோல் மருத்துவம் என்றால் எம்.டி. டி.வி.எல்., டி.டி.வி.எல்., டி.என்.பி. என்று இருக்கும். பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் எம்.சிஎச். பதிவு எண்ணை வாங்கி, தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டில் இணையத்திலேயே தேடலாம், ஐந்து நிமிட வேலை. என் முதல் ‘டாக்டர்’ பெயரை நான் தேடியது எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான். கிடைக்கவில்லை. ஊசியே இல்லை, பேனா மாதிரி ஒரு கருவியால் அழுத்தத்தில் ஜெல்லைச் செலுத்துகிறோம் என்று சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021-இல் இந்தக் கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. ஜெல் எந்த ஆழத்துக்குப் போகிறது என்பது அதை அழுத்துகிறவர் கட்டுப்பாட்டில் இல்லை.

போன மாதம் சித்தி மகள் போன் செய்தாள். இருபது வயது. ஒரு இடத்தில் 9,999 ரூபாய் ஆஃபர், நாளைக்குள் பணம் கட்ட வேண்டுமாம். “அக்கா, போகலாமா?” என்றாள். போகாதே என்று நான் சொல்லவில்லை. கான்ஃபரன்ஸில் போட்டு இரண்டு கேள்வி மட்டும் கேட்கச் சொன்னேன். எந்தக் கம்பெனி ஃபில்லர், மூடிய பெட்டியை என் முன்னால் திறப்பீர்களா? கரைக்கிற மருந்து ஹயலூரானிடேஸ் வைத்திருக்கிறீர்களா? முதல் கேள்விக்கு “இம்போர்ட்டட் மேடம்” என்றார்கள். இரண்டாவதற்குக் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “அதெல்லாம் நம்மகிட்ட தேவைப்படாது மேடம்” என்றார் அங்கே போனில் பேசிய பெண்.

சனிக்கிழமை அவளைக் கீழ்ப்பாக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் அவள் உதட்டைப் பார்த்தார், பல்லில் மாட்டியிருந்த கம்பியைப் பார்த்தார். அமெரிக்காவில் உதட்டு ஃபில்லருக்கு அனுமதி கொடுத்திருப்பதே 22 வயதிலிருந்துதான் என்றார். கம்பி கழற்றியதும் உதடு இருக்கும் நிலையே கொஞ்சம் மாறும், அதைப் பார்க்காமல் இப்போது போட்டால் எதற்கு அளவு எடுத்துப் போடுவது என்று கேட்டார். வெடிப்புக்கு ஒரு களிம்பும், வெயிலுக்கு எஸ்பிஎஃப் உள்ள லிப் பாமும் எழுதிக் கொடுத்தார். கம்பி கழற்றி ஆறு மாதம் ஆன பிறகு வரச் சொல்லிச் சீட்டின் அடியில் குறித்தார். அவள் முகம் தொங்கிப் போனது. ஆட்டோவில் ஏறிய பிறகு என் பர்ஸிலிருந்த அந்த அட்டையைக் கேட்டு வாங்கி, ஸ்டிக்கரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.